பார்லித் தண்ணிக்கு ஓர் அடுப்பு

செப்டம்பர் 7, சனி

அமெரிக்காவில் இந்தக் கொலம்பஸ் ஊருக்கு வந்து நான்கு நாளாகிறது. தூக்கம் இன்னும் கரூரிலேயே இருக்கிறது. பகலில் கண்ணைச் சொக்குகிறது, மற்ற நேரமெல்லாம் கொட்டக் கொட்ட விழிப்பு. திரும்பும் டிக்கெட் நவம்பர் 20. பத்து வாரமும் சொச்சமும்.

நிரஞ்சன் இளைத்திருக்கிறான். வீடு பெரிது, சாமான் குறைவு. ஷர்மிளா போகும்போது எடுத்துப்போன அலமாரி இருந்த இடத்தில் சுவர் மட்டும் வேறு நிறமாக இருக்கிறது. அதன் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு மறைக்கக்கூட இவனுக்குத் தோன்றவில்லை. அவள் போய் ஒன்றரை வருஷம். விவாகரத்துக் காகிதமெல்லாம் கையெழுத்தாகிவிட்டதாம். "முடிஞ்சிருச்சும்மா" என்று போனில் சொன்னான். பெற்ற தாய்க்குத் தெரிந்த விவரம் அவ்வளவுதான்.

நான்கு நாளில் அவன் பேசியதையெல்லாம் எழுதினால் அரைப்பக்கம் தேறாது. சாப்டியா, குளிருதா, ஹீட்டர் போடவா. இவன் அப்பாவும் அப்படித்தான், வாயில் கொழுக்கட்டையோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்திவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்த ரத்தம். ஆனால் நான் விமானம் ஏறுவதற்குள் இவனை வாய் திறக்க வைக்காவிட்டால், இந்த வெறும் வீட்டில் இவன் இப்படியே உறைந்துபோய்விடுவான். எனக்கு அந்த ஒரு பயம்தான். ஊறுகாய் பாட்டில்களைவிட அதைத்தான் கனமாகத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

என் பிள்ளை வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான்.

சமையலறையில் சத்துமாவுக் கஞ்சி வாசனை வந்தது. ஆசையாகப் போய் எட்டிப் பார்த்தேன். அண்டா மாதிரிப் பாத்திரத்தில் பழுப்பாக ஏதோ. என்ன கண்ணு இது என்றேன். தலைமையாசிரியர் முன் நிற்பவன் மாதிரி, இங்கே இது சட்டப்படி தப்பில்லை என்று முதலில் சொன்னான். அப்புறம் விஷயத்தைச் சொன்னான். முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, சுடுதண்ணீரில் ஊறவைத்து, வடித்து, கசப்புப் பூ போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து ஈஸ்ட் போடுவது. முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூ பெண்களுக்கு வேதியியல் எடுத்தவள் நான். சர்க்கரை நொதித்தால் என்ன வரும் என்ற சமன்பாட்டைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன். அது என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் என்று யார் கண்டது.

தலையில் அடித்துக்கொண்டு வெளியே போயிருப்பேன். ஆனால் அவன் அந்த மின்சார அடுப்பைப் பார்த்து அலுத்துக்கொண்டான். கொதி வரவே ஒன்றரை மணி நேரமாகிறதாம். கேஸ் பர்னர் ஒன்று வாங்கி வெளியே வைத்துக் காய்ச்ச வேண்டுமாம். சும்மா ஒரு பேச்சுக்கு, எந்த மாதிரி பர்னர் என்று கேட்டேன்.

பதினோரு நிமிடம் பேசினான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன். நடுவில் கையையெல்லாம் ஆட்டினான்.

அப்புறம் தங்கை ருக்மணி போன் செய்தாள், நிரஞ்சன் என்ன பண்ணுகிறான் என்றாள். பார்லித் தண்ணி காய்ச்சுகிறான், உடம்புச் சூட்டுக்கு நல்லது என்றேன். பொய் ஒன்றும் இல்லையே.

செப்டம்பர் 10, செவ்வாய்

இன்று கேட்டது: பர்னருக்கு பிடியூ பிடியூ என்கிறார்களே, அப்படி என்றால் என்ன? (எனக்குத் தெரியும், வெப்பத்தை அளக்கிற அலகு.) ஆறு நிமிடம்.

செப்டம்பர் 14, சனி

மடிக்கணினியில் மூன்று பர்னர் காட்டினான். ஒன்று ஜெட் வகை: நடுவில் ஒற்றை வாய், சீறிக்கொண்டு எரியும், சீக்கிரம் கொதி வரும். இரண்டாவது அகல வட்டம்: தோசைக்கல் அளவு வார்ப்பிரும்பு, சுற்றிலும் பொடித் துளை. மூன்றாவது இந்த ஊர்க்காரர்கள் முழு வான்கோழியை எண்ணெயில் பொரிக்கிற அடுப்பு: நெடுநெடுவென்று கால், விலை குறைவு. இவனுக்கு ஜெட் மேல் கண்.

மூன்றுக்கும் குறை சொன்னேன். ஜெட் காற்றடித்தால் அணையாதா? வார்ப்பிரும்பு துரு ஏறாதா? இந்த ஒட்டடைக்குச்சிக் காலை நம்பி இருபத்தைந்து லிட்டர் கொதிநீரை ஏற்றுவாயா? ஒவ்வொன்றுக்கும் அவன் தேடிப் படித்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர் சிலிண்டரில் பியூட்டேன் அதிகம், இந்த ஊர்க் குளிரில் அது ஆவியாகாமல் அடியிலேயே உட்கார்ந்துவிடும், புரோபேன்தான் சரி என்று நான் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தான். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்கிற பார்வை. நான் டீச்சர் என்பதையே மறந்துவிட்டான் போலிருக்கிறது.

பர்னரை முடிவு செய்துவிட்டால் பேச்சும் முடிந்துவிடும். அதனால் இழுக்கிறேன்.

செப்டம்பர் 19, வியாழன்

ஒரு பர்னருக்கு நானூறு பேர் விமர்சனம் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் படித்துச் சொல்லச் சொன்னேன். சிரித்த மாதிரி இருந்தது. இருமலாகவும் இருக்கலாம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

என் தந்திரத்துக்குக் கெடு வந்துவிட்டது. காய்ச்சியபின் இரண்டு வாரம் நொதிக்க வேண்டும், பாட்டிலில் அடைத்தபின் இன்னும் இரண்டு வாரம் இருக்க வேண்டுமாம். நவம்பர் 16 சனிக்கிழமை ஆபீஸ்காரர்கள் மூன்று பேரை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான். ஷர்மிளா போனபின் இந்த வாசலை மிதித்து ஒருத்தர் உள்ளே வந்ததில்லை. இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னான். நீ போறதுக்குள்ள வரட்டும்னு தோணுச்சு என்றான்.

உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 28, சனி

கடை முழுக்க இதே சாமான்தான். கடைக்காரர் தாடி வைத்த ஆறடி மனிதர். வாங்குவதற்கு முன் கொளுத்திக் காட்டச் சொன்னேன். நிரஞ்சனுக்கு மானம் போயிற்று. அவர் பாவம் சந்தோஷமாக ஜெட்டையும் வட்டத்தையும் பின்பக்க முற்றத்துக்கு எடுத்து வந்தார்.

ஜெட்டைக் கொளுத்தினார். விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம். நிரஞ்சன் என்னிடம் ஏதோ சொன்னான். உதடு அசைந்தது, ஒரு எழுத்து கேட்கவில்லை. என்ன என்று கத்தினேன், அவனும் கத்தினான், பிறகு விட்டுவிட்டான்.

வட்டப் பர்னர் அமைதியாக எரிந்தது. ஆனால் மஞ்சளாக, நுனியில் கரியோடு. கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். எனக்குக் கை பரபரத்தது. குனிந்து பார்த்தால் குழாயின் கழுத்தில் காற்றுத் துளைக்கு மூடி, பாதி அடைத்திருந்தது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் எத்தனை பர்னருக்கு இந்த வேலை செய்திருக்கிறேன். திருகைத் தளர்த்தி மூடியைத் திறந்துவிட்டேன். மஞ்சள் போய் நீலமாயிற்று. கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

இதுதான் என்றேன். ஜெட்டில் பத்து நிமிடம் முன்னாலேயே கொதித்துவிடும் என்று நிரஞ்சன் வாதாடினான். அப்படி என்ன அவசரம் உனக்கு என்று கேட்டேன். யோசித்தான். வட்டத்தையே வாங்கினோம், கூடவே நாற்பது லிட்டர் எவர்சில்வர் பாத்திரமும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. புத்தகத்துக்குச் சந்தனம் வைத்தேன், கம்ப்யூட்டருக்கு வைத்தேன், காருக்கு வைத்தேன். பர்னர் முன்னால் வந்ததும் கை தயங்கியது. காய்ச்சப் போவது என்ன என்று சரஸ்வதிக்குத் தெரியாதா? தெரிந்தால் தெரியட்டும், இதுவும் ஒரு படிப்புதானே என்று மூன்று பொட்டாக வைத்துவிட்டேன். நிரஞ்சன் அதைப் போட்டோ பிடித்து யாருக்கோ அனுப்பினான்.

நாளை விஜயதசமி. புது அடுப்பில் நாளைக்குத்தான் முதல் காய்ச்சல்.

அக்டோபர் 12, சனி

ஈஸ்ட் வாங்க நிரஞ்சன் கடைக்குப் போனான். போக வர முக்கால் மணி நேரம். வாசலில் பர்னர், மேலே புதுப் பாத்திரம், சிலிண்டர் மாட்டித் தயார். எனக்கு மனசு கேட்கவில்லை. புது அடுப்பு, நல்ல நாள், ஒரு சொட்டுப் பால் காய்ச்சாமல் நேராகப் பீரா? இவனுக்கு இனிமேலாவது நல்லது நடக்க வேண்டாமா?

வீட்டுப் பால் பாத்திரத்தை வைத்துப் பார்த்தேன். அந்த அகலத்துக்கு அது நிற்கவே இல்லை, கவிழ்ந்தது. சரி, இவன் பாத்திரத்திலேயே காய்ச்சிவிட்டுக் கழுவி வைத்துவிடலாம் என்று ஃப்ரிட்ஜில் இருந்த கேன் பாலை அப்படியே ஊற்றினேன். நான்கு லிட்டர். கொளுத்திவிட்டுக் கிழக்கு பார்த்துக் கைகூப்பி நின்றேன். நாற்பது லிட்டர் பாத்திரத்தில் நான்கு லிட்டர் எப்படி வழியும்? படித்த மூளை அந்த நேரம் எங்கே போயிருந்ததோ. பால் குபுகுபுவென்று பாதிவரை வந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கியது. மறுபடி வந்தது, மறுபடி இறங்கியது. அதற்குள் அடிப்பிடித்த வாசம். கடைசியில் ஒரு கரண்டி மொண்டு, கிழக்குப் பக்கமாக விளிம்பு மேல் நானே ஊற்றினேன். வழிந்துவிட்டது. கும்பிட்டுக்கொண்டேன்.

அடியில் பிடித்ததைச் சோப்புப் போட்டுத் தேய் தேயென்று தேய்த்தேன். கார் சத்தம் கேட்கும்போது பாத்திரம் பளபளவென்று இருந்தது. கழுவி வெச்சியா, தேங்க்ஸ்மா என்றான். தலையை ஆட்டிவைத்தேன். அப்புறம் நாள் முழுக்க இருவரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காய்ச்சினோம். நன்றாகவே கொதித்தது.

அக்டோபர் 15, செவ்வாய்

நான்கு லிட்டர் பாலையும் தயிராக உறையூற்றி வைத்ததில் மூன்று நாளாக மோர்க்குழம்பு, தயிர்ச்சோறு, மோர். தயிரில் தீஞ்ச வாசம் அடிக்கிறதே என்றான் நிரஞ்சன். அமெரிக்கப் பால் அப்படித்தான் என்றேன்.

அக்டோபர் 19, சனி

இதை எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் பர்னரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

நிரஞ்சன் பேசாத பிள்ளை இல்லை. ஆறாம் வகுப்பில் அவன் ரேங்க் கார்டில் 'வகுப்பில் ஓயாத பேச்சு' என்று எழுதியிருந்தார்கள், நானே கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம் முன்பு, ஆடி மாசம், ஒரு சாயங்காலம் போன் செய்தான். அவனுக்கு அங்கே காலை. ஷர்மிளாவுக்கும் எனக்கும் சரியில்லம்மா, பயமா இருக்குதும்மா என்றான். சொல்லும்போதே அழுதான். கூடத்தில் கல்யாணப் பத்திரிகையோடு அடுத்த தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆம்பளப் பையன் இப்படி அழுகறதா, ஊருக்குத் தெரிஞ்சா என்னத்துக்கு ஆகும், போனை வெய்யி, அப்புறம் பேசலாம் என்றேன்.

வைத்துவிட்டான். மறுநாள் நானாகக் கூப்பிட்டேன். ஒண்ணுமில்லம்மா, சாப்டியா என்றான். அன்றையிலிருந்து அதே கேள்விதான்.

அவன் அப்பா மேல் பழியைப் போடுவது சுலபம். செத்த மனுஷன் வந்து பதில் சொல்ல மாட்டார். என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அக்டோபர் 26, சனி

பாட்டிலில் அடைத்தோம். நாற்பத்தெட்டு. மூடி அழுத்தும் கருவி என் கையில். தோள்பட்டை விட்டுப்போயிற்று.

நவம்பர் 9, சனி

மத்தியானம் முதல் பாட்டிலைத் திறந்தான். புஸ்ஸென்று சத்தம் வந்தது. கண்ணாடிக் குவளையில் சாய்த்து ஊற்றினான். நல்ல தேன் நிறம். நுரை ஒரு விரல் எழும்பியது, அவன் முகம் மலர்வதற்குள் அடங்கிப்போயிற்று. பார்லித் தண்ணி என்று நான் ருக்மணியிடம் சொன்னது பலித்துவிட்டது.

இரண்டாவது திறந்தான், மூன்றாவது திறந்தான். குவளையை மாற்றினான். எல்லாம் அப்படியே. கம்ப்யூட்டரைத் திறந்து தேடினான். கொழுப்போ சோப்போ பட்டிருந்தால்தான் நுரை நிற்காது என்று போட்டிருக்கிறதாம். புதுப் பாத்திரத்தில் கொழுப்பு எங்கேயிருந்து வரும் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"நான் தொட்டா எல்லாம் இப்படித்தாம்மா. எங்கயோ நான்தான் தப்புப் பண்ணியிருப்பேன். என்னன்னுதான் தெரிய மாட்டேங்குது."

பீரைப் பற்றி மட்டும் சொன்ன மாதிரி இல்லை. போனை எடுத்து, பதினாறாம் தேதி வரவேண்டாம் என்று ஆபீஸ்காரர்களுக்குச் செய்தி எழுத ஆரம்பித்தான். நாளைக்கு அனுப்பலாம் கண்ணு என்றேன். அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறேன். அறுபத்திரண்டு வயது, பிள்ளையைத் தவறாக நினைக்க விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நவம்பர் 10, ஞாயிறு

காலைக் காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன். தப்பு உன்னுது இல்ல, என்னுது, நீ ஈஸ்ட் வாங்கப் போனப்ப அந்தப் பாத்திரத்துல நான் பால் காய்ச்சினேன் என்றேன். நான்கு லிட்டர், அடிப்பிடித்தது, சோப்புப் போட்டுத் தேய்த்தது, தயிர், அமெரிக்கப் பால், எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்புக்கொள்ள உட்கார்ந்தபின் பாதியை மறைப்பானேன்.

நாற்பத்தெட்டு பாட்டில், ஒரு மாச வேலை. கத்தினாலும் வாங்கிக்கொள்வதென்று இருந்தேன்.

"பொங்குச்சா?" என்றான்.

"எங்கெ பொங்கறது. பாதிக்கு மேல வரமாட்டேன்னுருச்சு. ஒரு கரண்டி எடுத்து நானே கெழக்கால ஊத்திவிட்டேன்."

"சாமியவே ஏமாத்தியிருக்கே."

"உனக்காகத்தான்டா."

சிரிக்க ஆரம்பித்தான். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அது சிரிப்பு மட்டும் இல்லை என்று தெரிந்தது. பக்கத்தில் போய் நின்று முதுகில் கையை வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிக் கெடுத்தது போதும்.

அந்தச் செய்தியை அவன் அனுப்பவில்லை.

நவம்பர் 16, சனி

மூன்று பேரும் வந்தார்கள். தெலுங்குக்காரர் ஒருவர், வெள்ளைக்காரர் ஒருவர், வியட்நாம் பெண் ஒருத்தி. வாழைக்காய் பஜ்ஜி போட்டேன், தட்டு காலியாகிக்கொண்டே இருந்தது. நிரஞ்சன் நுரையில்லாத குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு பால் கதையை முதலிலிருந்து சொன்னான். நான் கைகூப்பி நின்றதைக்கூட நடித்துக் காட்டினான். அவன் எப்போது அதைப் பார்த்தான்? கற்பனைதான், ஆனால் அச்சு அசல் நான். வியட்நாம் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அம்மாவாக இருந்தால் சாம்பிராணியும் காட்டியிருப்பாளாம்.

நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். வேப்பம்பூ ரசம்தான். பரவாயில்லை. ருக்மணியிடம் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

புதன்கிழமை விமானம். பெட்டி கட்டலாம் என்றிருந்தேன். இன்னொரு தரம் காய்ச்சலாமா என்று நிரஞ்சன் கேட்டான். பாத்திரத்தை அவனே மூன்று தரம் கழுவி என்னிடம் மோந்து பார்க்கச் சொன்னான்.

நல்ல குளிர். வாசலில் கம்பளிக்குள் உட்கார்ந்துகொண்டோம். கொதி வந்தது, பூவைப் போட்டான், இனி ஒரு மணி நேரம் கிண்டிவிடுவதைத் தவிர வேலையில்லை. நான் மனசில் இருபது தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டதை ஒருவழியாகச் சொன்னேன்.

"அன்னிக்கு நீ அழுதுக்கிட்டுப் போன் பண்ணுனப்ப, வெய்யின்னு சொல்லிட்டேன் கண்ணு. தப்புப் பண்ணிட்டேன்."

கரண்டி நின்றது. "உனக்கு ஞாபகம் இருக்குதாம்மா?"

"ஒரு நாளும் மறக்கல."

"நீ மறந்துட்டேன்னு நெனச்சேன். அதான் திரும்பச் சொல்லல."

மறுபடி கிண்டினான். பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டே, அந்த ஆடி மாசத்துக்கும் முந்தைய வருஷத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தான். ஒரு மணி நேரம் ஆனதும் அடுப்பை அணைத்தான், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மேலே சொன்னான். இருட்டி, எனக்குக் கால் மரத்துப்போய், உள்ளே வந்து தோசை வார்க்கும்போதும் அடுப்படியில் நின்று சொன்னான். அவன் தப்பும் இருந்தது, அவள் தப்பும் இருந்தது, யார் தப்பும் இல்லாததும் இருந்தது. நான் நடுவில் ஒரு கேள்வி கேட்கவில்லை. கடிகாரத்தையும் பார்க்கவில்லை.

அவன் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அதை அவன் என்னிடம் சொன்னான்.